ஓட்டை வாளியும் ஒரு வகைக்கெழுச் சமன்பாடும்: பொறியியல் கணக்குப் பாடம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

தமிழ்நாட்டில் பொறியியல் படித்த யாரிடமும் 'கேலி-ஹாமில்டன் தேற்றத்தைச் சரிபார்' என்று சொல்லிப் பாருங்கள். உடனே ஒரு 3×3 அணியை (மேட்ரிக்ஸை) எழுத ஆரம்பித்துவிடுவார்கள். எம்-1 என்ற முதல் செமஸ்டர் கணக்குத் தாளில் கட்டாயம் வரும் என்று நாங்கள் எல்லாரும் நம்பிய 16 மார்க் கேள்வி அது. நானும் அதைப் பிழையில்லாமல் போட்டுவிட்டுத்தான் வந்தேன். அந்த அணியின் ஐகன் மதிப்பு, ஒரு பாலமோ எஞ்சின் தாங்கியோ எந்த அதிர்வெண்ணில் அதிரும் என்பதைத் தரக்கூடிய எண் என்று எனக்குத் தெரிந்தது மூன்றாம் ஆண்டில், அதிர்வுகள் பற்றிய பாடத்தில். அங்கேயும் 'நீங்கள் முதல் செமஸ்டரில் போட்டீர்களே, அதுதான் இது' என்று யாரும் சொல்லவில்லை. நானாகத்தான் ஒருநாள் இரண்டு நோட்டுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துக் கண்டுகொண்டேன். அன்றைக்கு வந்த மகிழ்ச்சியைவிட, இரண்டு வருடம் போய்விட்டதே என்ற வருத்தம்தான் அதிகம்.

அந்த இரண்டு வருட இடைவெளியை இல்லாமல் செய்ய ஒரு பல்கலைக்கழகம் என்ன செய்தது, அது எந்த அளவுக்குப் பலித்தது என்பதுதான் இந்த ஆய்வு.

டேட்டனில் இருந்த சிக்கல்

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் டேட்டன் என்றொரு நகரம். ரைட் சகோதரர்கள் சைக்கிள் கடை வைத்திருந்த ஊர். அவர்கள் பெயரிலேயே அங்கே ரைட் ஸ்டேட் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே பொறியியலோ கணினி அறிவியலோ படிக்கும் ஆசையோடு வந்து சேர்ந்தவர்களில், கட்டாயக் கால்குலஸ் பாட வரிசையைத் தாண்டியவர்கள் ஏறக்குறைய 42 சதவீதம்தான். மற்றவர்கள் வேறு துறைக்குப் போனார்கள், அல்லது படிப்பையே விட்டார்கள். பாதிக்கும் மேற்பட்டவர்கள் ஒரு மின்சுற்றையோ ஒரு விட்டத்தின் மீது விழும் சுமையையோ வகுப்பில் பார்க்காமலேயே 'எனக்குப் பொறியியல் வராது' என்று முடிவு கட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். இந்தக் கணக்கில் என்னை மிகவும் உறுத்துவது இந்த இடம்தான். அவர்கள் பொறியியலில் தோற்கவில்லை. அதன் வாசலுக்கே போய்ச் சேரவில்லை.

இதற்குக் காரணம் பாடங்களை அடுக்கியிருந்த விதம். அங்கே ஒவ்வொரு பாடத்துக்கும் முன்நிபந்தனை உண்டு. கால்குலஸ் முடித்தால்தான் இயற்பியல், அப்புறம்தான் நிலையியல், இயக்கவியல், மின்சுற்றுகள். முதல் கண்ணி அறுந்தால் சங்கிலியே போயிற்று. கால்குலஸ் வகுப்பில் பாடம் நடத்தியவர் கணிதத் துறைக்காரர். எல்லை, தொடர்ச்சி என்ற கால்குலஸின் அடிப்படைக் கருத்துகளை முறையாகச் சொல்லிக்கொடுப்பது அவர் வேலை, அதை அவர் சரியாகத்தான் செய்தார். எதிரே உட்கார்ந்திருந்த பையனுக்கு அது எதற்கு என்று தெரியவில்லை, அவ்வளவுதான்.

2004இல் செய்தது

இயந்திரப் பொறியியல் பேராசிரியர் நேதன் கிளிங்பெய்ல் தலைமையில் 2004ஆம் ஆண்டு ஒரு புதிய முதலாண்டுப் பாடம் தொடங்கியது. பெயர் ஈ.ஜி.ஆர். 101. பின்னால் இதற்கான பாடநூலை அவரோடு சேர்ந்து எழுதியவர் குல்தீப் ரத்தன் என்ற மின்பொறியியல் பேராசிரியர். அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளையின் நிதியும் இந்த முயற்சிக்குக் கிடைத்தது.

பாடத்தில் இருந்தவை நமக்குப் புதியவை அல்ல. நேர்கோட்டுச் சமன்பாடு, இருபடிச் சமன்பாடு, முக்கோணவியல், இருபரிமாணத் திசையன்கள், கலப்பெண்கள், சைன் அலைகள், அணிகள், வகைக்கெழு, தொகையீடு, வகைக்கெழுச் சமன்பாடு. பின்னால் வரும் பொறியியல் பாடங்களில் உண்மையிலேயே கையாளப்படும் கணக்கை மட்டும் பொறுக்கி எடுத்து, ஒன்று விடாமல் ஏதாவது ஒரு பொருளோடு சேர்த்து வைத்தார்கள். நடத்தியவர்கள் பொறியியல் ஆசிரியர்கள். விரிவுரை, கணக்குப் பயிற்சி வகுப்பு, லேப் என மூன்றும் உண்டு, கூடவே மேட்லேப் மென்பொருள்.

நேர்கோடு என்றால் பிரேக் பிடித்த கார். நேரத்துக்கு எதிராக வேகத்தை வரைந்தால் இறங்கும் ஒரு கோடு வரும். அதன் சாய்வுதான் பிரேக்கின் வலிமை, கோடு செங்குத்து அச்சை வெட்டுமிடம் பிரேக்கில் கால் வைத்தபோது இருந்த வேகம், கிடை அச்சை வெட்டுமிடம் கார் நின்ற நேரம். தொகையீடு என்றால், வளைந்த ஓரமுள்ள ஒரு நுழைவுச் சாலையை அகலப்படுத்த எவ்வளவு தார்க்கலவை வாங்க வேண்டும் என்ற கேள்வி. கலப்பெண் என்றால் மின்தூண்டியும் மின்தடையும் உள்ள மாறுதிசை மின்சுற்று.

முக்கோணவியலுக்கு இரண்டு துண்டுக் கை உள்ள ரோபோ. இதைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். எண்கள் நான் வைத்துக்கொண்டவை. மேல்கை 20 செ.மீ., முன்கை 15 செ.மீ. தோளிலிருந்து நேர் முன்னே 25 செ.மீ. தூரத்தில் ஒரு நட்டு இருக்கிறது. கை அதைத் தொட வேண்டும். கொசைன் விதியைப் போட்டால் முழங்கை 90 பாகை திரும்ப வேண்டும் என்று வருகிறது. 400, 225 இரண்டையும் கூட்டினால் 625, அது 25இன் வர்க்கம், ஆக செங்கோண முக்கோணம். ஆனால் மைனஸ் 90 பாகையும் விடைதான். தோள் சுமார் 37 பாகை மேலே போய் முன்கை கீழே மடங்கலாம், தோள் 37 பாகை கீழே போய் முன்கை மேலே மடங்கலாம். தேர்வுத்தாளில் கூட்டல்-கழித்தல் குறியை விட்டால் அரை மார்க் போகும், அதோடு சரி. இங்கே நட்டு மேசைக்குச் சற்று மேலே இருந்தால் தாழ இறங்குகிற முழங்கை மேசையில் போய் இடிக்கும். ஒரு சமன்பாட்டுக்கு இரண்டு விடை என்றால் என்ன பொருள் என்பதை அந்த ஒரு இடி சொல்லிவிடும்.

வாளி

வகைக்கெழுச் சமன்பாட்டை அந்தப் பாடம் ஓர் ஓட்டை வாளியிலிருந்து ஆரம்பிக்கிறது. நாம் எல்லாரும் பள்ளியில் போட்ட 'தொட்டியும் குழாயும்' கணக்குதான் இது. 'ஒரு குழாய் தொட்டியை 3 மணி நேரத்தில் நிரப்பும், இன்னொன்று 5 மணி நேரத்தில் காலி செய்யும், இரண்டையும் திறந்தால்…' ஞாபகம் இருக்கும். அந்தக் கணக்கில் ஒரு பொய் ஒளிந்திருக்கிறது. தொட்டி நிறைந்திருந்தாலும் அடியில் கொஞ்சம் கிடந்தாலும் தண்ணீர் ஒரே வேகத்தில் வெளியேறும் என்று அது வைத்துக்கொள்கிறது. மாடித் தொட்டியில் தண்ணீர் குறையக் குறையக் குழாயில் வேகம் குறைவதைத் தினமும் பார்க்கிற பிள்ளைகளுக்குத்தான் இந்தக் கணக்கைக் கொடுக்கிறோம்.

டேட்டன் பாடம் ஒரு படி மேலே போகிறது. வெளியேறும் அளவு, நீர்மட்டத்தின் உயரத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறது. மட்டம் பாதியானால் ஒழுக்கும் பாதி. இதிலிருந்து வருவது முதல்படி நேரியல் வகைக்கெழுச் சமன்பாடு, அதன் தீர்வு தேய்ந்துகொண்டே போகும் அடுக்குக்குறி வளைவு. இப்படி எடுத்துக்கொண்டதில் ஒரு பெரிய லாபம் உண்டு. மின்தடை வழியாக மின்னிறக்கம் ஆகும் கெப்பாசிட்டருக்கும் (மின்தேக்கிக்கும்) இதே சமன்பாடுதான். வாளியின் அகலம் இருக்குமிடத்தில் கெப்பாசிட்டரின் கொள்ளளவு, துளையின் சிறுமை இருக்குமிடத்தில் மின்தடை, நீர்மட்டம் இருக்குமிடத்தில் மின்னழுத்தம். வாளியைப் புரிந்துகொண்டவனுக்கு மின்சுற்று அந்நியமாகத் தெரியாது.

ஆனால் உண்மையான வாளி இப்படி நடந்துகொள்ளாது. இத்தாலிய அறிவியலாளர் டாரிசெல்லி 17ஆம் நூற்றாண்டிலேயே சொல்லிவிட்டார்: துளையிலிருந்து பாயும் வேகம், நீர்மட்டத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. இதைக் கணக்காகப் போட்டுப் பார்ப்போம். நேரான சுவருள்ள ஓர் உருளைப் பாத்திரம், உள்விட்டம் 20 செ.மீ. அடியோரத்தில் 5 மி.மீ. துளை. துளையிலிருந்து 25 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர். கூர்மையான விளிம்புள்ள துளையில் தாரை குறுகும் என்பதால் 0.6 என்ற கெழுவைச் சேர்த்துக்கொள்கிறோம். தொடக்கத்தில் நொடிக்குச் சுமார் 26 க.செ.மீ. தண்ணீர் வெளியேறும், அதாவது மட்டம் நிமிடத்துக்கு 5 செ.மீ. வீதம் இறங்கும்.

பள்ளிக் கணக்கின்படி 5 நிமிடத்தில் வாளி காலி. டேட்டன் பாடத்தின் நேரியல் சமன்பாட்டின்படி 2 நிமிடத்தில் மட்டம் 16.8 செ.மீ., 4 நிமிடத்தில் 11.2, 6இல் 7.5, 8இல் 5, 10இல் 3.4. கணக்குப்படி அது முற்றிலும் காலியாகவே ஆகாது. டாரிசெல்லிப்படி 2 நிமிடத்தில் 16 செ.மீ., 4 நிமிடத்தில் 9, 6இல் 4, 8இல் 1, 10இல் பூஜ்யம்.

25, 16, 9, 4, 1, 0. இந்த வரிசையைக் கரும்பலகையில் எழுதிவிட்டு ஒரு நிமிடம் சும்மா இருந்தால் போதும், வகுப்பில் யாராவது 'சார், எல்லாமே வர்க்கம்' என்று சொல்லிவிடுவார்கள். வர்க்கமூலம் 5, 4, 3, 2, 1, 0 என்று இரண்டு நிமிடத்துக்கு ஒன்றாகச் சீராகக் குறைகிறது. உயரத்தை வரைந்தால் வளைவு, உயரத்தின் வர்க்கமூலத்தை வரைந்தால் நேர்கோடு. முதல் வாரத்தில் பிரேக் பிடித்த காரில் பார்த்த அதே இறங்கும் கோடு திரும்ப வருகிறது.

முதல் இரண்டு நிமிடத்தில் நேரியல் சமன்பாட்டுக்கும் டாரிசெல்லிக்கும் வித்தியாசம் 8 மி.மீ.தான். ஸ்கேலைச் சாய்த்துப் பிடித்தால்கூட அவ்வளவு பிழை வரும். ஐந்தாம் நிமிடத்துக்குமேல் மறைக்க முடியாது. நான் இந்தப் பாடத்தை நடத்தினால் நேரியல் வாளியோடு நிறுத்தமாட்டேன். முதலில் நேரியல் சமன்பாட்டைத் தீர்க்கச் சொல்லுவேன், அப்புறம் வாளியில் அளந்துபார்க்கச் சொல்லுவேன். இரண்டும் பொருந்தாமல் போகும்போதுதான் 'நாம் எதை எடுத்துக்கொண்டோம்?' என்ற கேள்வி மாணவர் வாயிலிருந்தே வரும். கணக்கைச் சரியாகப் போட்டும் விடை தப்பாக வரலாம், ஏனென்றால் தப்பு நாம் வைத்துக்கொண்ட கருதுகோளில் இருக்கிறது. பொறியாளருக்கு வேண்டிய கணிதத்தில் முக்கால் பங்கு இந்த ஒரு விஷயத்தில் அடங்கியிருக்கிறது என்று நினைக்கிறேன்.

அந்தப் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் கொடுத்த சகோதரர்களின் கதையும் இதுவேதான். 1901இல் அவர்கள் செய்த கிளைடர் (எஞ்சின் இல்லாத விமானம்), அன்றைய சூத்திரம் சொன்ன தூக்குவிசையில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் தந்தது. அந்தச் சூத்திரத்தில் காற்றின் அழுத்தத்தைக் கணக்கிட உதவும் ஸ்மீட்டன் கெழு என்ற எண் 0.005 என்று நெடுங்காலமாகப் புழங்கிவந்தது. டேட்டனுக்குத் திரும்பி, ஆறடி நீள மரப்பெட்டியில் ஒரு காற்றுச் சுரங்கம் செய்து, சைக்கிள் கம்பியிலும் ரம்பத் தகட்டிலும் தராசு அமைத்து, ஏறக்குறைய 200 சிறு இறக்கை வடிவங்களைச் சோதித்தார்கள். கெழு 0.0033 அளவில்தான் இருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார்கள். 1903இல் பறந்தார்கள்.

எது வேலை செய்தது

உதாரணங்கள் நன்றாக இருந்ததால் மட்டும் இந்தப் பாடம் பெயர் பெறவில்லை. ஈ.ஜி.ஆர். 101 முடித்த மாணவர், கால்குலஸ் வரிசை முழுவதையும் முடிக்காமலேயே இரண்டாம் ஆண்டின் நிலையியல், மின்சுற்றுப் பாடங்களுக்குப் போகலாம் என்று விதியை மாற்றினார்கள். கால்குலஸை நீக்கவில்லை. பின்னால் தள்ளி, தேவைப்படும் பாடங்களுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார்கள், கணிதத் துறையே அதைத் தொடர்ந்து நடத்தியது. மாணவர் கால்குலஸ் வகுப்பில் உட்காரும்போது அவருக்கு வாளியும் தெரியும், ரோபோ கையும் தெரியும். இப்போது எல்லை, தொடர்ச்சி என்று ஆசிரியர் சொல்லும்போது அது எங்கே போய் உட்காரும் என்று ஓர் இடம் தயாராக இருக்கிறது.

முன்நிபந்தனை விதியை மாற்றுவது லேசான காரியம் இல்லை. எந்தப் பல்கலைக்கழகத்திலும் இரண்டு துறைகள் எல்லைச் சண்டை போடக்கூடிய இடம் அது. 'கணக்கை நாங்கள் நடத்துகிறோம், நீங்கள் யார்' என்ற கேள்வி வரும். அதைத் தாண்டியதைத்தான் இந்த நிகழ்வின் பெரிய சாதனையாக நான் பார்க்கிறேன். பிறகு அமெரிக்காவில் பல கல்லூரிகள் இந்த முறையைத் தங்களுக்கேற்ற வடிவத்தில் எடுத்துக்கொண்டன.

பலன் பற்றி அந்தக் குழுவே பல ஆண்டுகளாக எழுதியிருக்கிறது. இந்தப் பாடத்தை எடுத்தவர்களில் பட்டம் பெற்றவர்களின் விகிதம், எடுக்காதவர்களோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய இரண்டு மடங்கு என்பது அவர்கள் கணக்கு. இதை அப்படியே விழுங்கிவிடக் கூடாது. சீட்டுக் குலுக்கிப் போட்டுப் பிரித்த இரண்டு குழுக்கள் அல்ல அவை. முதலாண்டிலேயே இப்படி ஒரு பாடத்தில் சேர்ந்து முடிப்பவரிடம் பிடிவாதம் கொஞ்சம் கூடுதலாக இருந்திருக்கும். ஒரு பங்கு அதனால் வந்திருக்கலாம், ஒரு பங்கு விதியை மாற்றியதால் வந்திருக்கலாம், ஒரு பங்கு வாளியால் வந்திருக்கலாம். இவற்றைப் பிரித்துக் காட்டுவது கடினம். இருந்தாலும் திசை சரியானது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

கணிதக்காரர்களின் கவலையையும் தள்ளிவிட முடியாது. பொருளோடு கட்டிப்போட்ட கணக்கு, அந்தப் பொருளைவிட்டு வெளியே வராமல் போகலாம். வாளியில் போட்ட சமன்பாட்டைக் கெப்பாசிட்டரில் அடையாளம் காணாத மாணவரும் இருப்பார். அதனால்தான் ஒரே சமன்பாட்டை இரண்டு மூன்று பொருள்களில் காட்டுவது அவசியம். ஒன்றோடு நிறுத்தினால் அது வெறும் செய்முறைக் குறிப்பு.

புளோரிடாவின் டாம்பா நகரில், தெற்கு புளோரிடா பல்கலைக்கழகத்தில் ஆர்க்காடி கிரின்ஷ்பான் என்ற கணிதப் பேராசிரியர் வேறு வழியில் போனார். அங்கே கால்குலஸ் படிக்கும் பொறியியல் மாணவர் தனியாக ஒரு புராஜெக்ட் செய்கிறார். அவருக்கு இரண்டு வழிகாட்டிகள், ஒருவர் கணிதத் துறையிலிருந்து, மற்றவர் அந்தப் பிரச்சினை எந்தத் துறையைச் சேர்ந்ததோ அங்கிருந்து. நல்ல புராஜெக்டுகளை வெளியிட ஓர் இதழே நடத்துகிறார்கள், அதன் பெயரில் 'ஒன்று கூட்டல் இரண்டு' என்று இருப்பது இந்த ஏற்பாட்டைத்தான் குறிக்கிறது. டேட்டன் முறைக்குப் பாடத்திட்டத்தையே மாற்ற வேண்டும். டாம்பா முறைக்கு ஒரு ஆசிரியர் மனம் வைத்தால் போதும்.

இதெல்லாம் புதுசும் அல்ல. 1901இல் கிளாஸ்கோவில் பிரிட்டிஷ் அசோசியேஷன் என்ற அறிவியல் சங்கத்தின் கூட்டத்தில் ஜான் பெர்ரி என்ற பொறியியல் பேராசிரியர் இதே விஷயத்துக்காகத்தான் வாதாடினார். மாணவர் கையில் கட்டம் போட்ட தாளைக் கொடுங்கள், அளந்து வரையட்டும் என்று விடாமல் சொல்லிவந்தவர்களில் அவர் முக்கியமானவர். இன்று கிராஃப் தாள் இல்லாத பள்ளிக்கூடம் இல்லை, ஆனால் அதில் நாம் வரையச் சொல்வது பாடநூலில் அச்சாகியிருக்கும் புள்ளிகளை.

நம் வகுப்புக்கு

டேட்டனின் சிக்கல் அப்படியே நம் சிக்கல் இல்லை. அண்ணா பல்கலைக்கழக முறையில் எம்-1 போனாலும் மாணவர் அரியரைச் சுமந்துகொண்டு அடுத்த செமஸ்டருக்குப் போய்விடலாம். கதவு அடைபடுவதில்லை. அதனால் நாம் அந்த விதிமாற்றத்தைக் காப்பியடிக்க வேண்டியதில்லை. நம்மிடம் வேறு நோய் இருக்கிறது. கணக்கு ஒரு பக்கம், துறைப்பாடம் ஒரு பக்கம், நான்கு வருடம் இரண்டும் சந்திக்காமலே ஓடுகின்றன. 2021 பாடத்திட்டத்தில் முதல் செமஸ்டர் தாளின் பெயர் 'அணிகளும் கால்குலஸும்' என்றிருந்தது. ஐகன் மதிப்பு அதன் முதல் அலகிலேயே இருந்தது. அதிரும் ஒரு பொருளை அதோடு சேர்த்துக் காட்ட ஒரு பீரியட் கிடைத்தால், என் இரண்டு வருட இடைவெளி இன்னொரு பிள்ளைக்கு வராது.

புராஜெக்ட் என்றதும் நம் ஊரில் ஒரு பயம் வருவது நியாயம். புராஜெக்ட் சென்டரில் காசு கொடுத்து வாங்கிவந்து, பைண்டிங் போட்டுச் சமர்ப்பிக்கும் பழக்கம் நமக்குத் தெரியாததில்லை. வாளிக்கு அந்த ஆபத்து குறைவு. ஒவ்வொரு குழுவின் வாளியிலும் துளையை வேறு அளவில் போட்டுக் கொடுத்துவிடுங்கள். மேலே சொன்ன பாத்திரத்தில் 6 மி.மீ. துளை என்றால் சுமார் 7 நிமிடம், 4 மி.மீ. என்றால் 15 நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல், 3 மி.மீ. என்றால் 28 நிமிடம். எல்லாமே ஒரு பீரியடுக்குள் முடியும். பக்கத்துக் குழுவின் எண்ணை எழுதினால் உடனே தெரிந்துவிடும். செலவு என்று பார்த்தால் ஒரு நேர்ச்சுவர் டப்பா, ஒட்டுவதற்கு ஒரு ஸ்கேல், நேரம் பார்க்க மாணவர் கையில் இருக்கும் செல்போன். வாய் அகன்ற சாதாரண வாளி வேண்டாம், மட்டம் இறங்க இறங்கப் பரப்பும் மாறி முதல் நாளிலேயே கணக்கு சிக்கலாகிவிடும். அதை இரண்டாம் புராஜெக்டாக வைத்துக்கொள்ளலாம்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே எதிர்பார்த்திருங்கள். கடைசி ஒரு சென்டிமீட்டரில் தண்ணீர் பீய்ச்சுவதை விட்டுவிட்டுச் சுவரோடு வழிய ஆரம்பிக்கும். வர்க்கமூலக் கோடும் அங்கே வளையும். பிள்ளைகள் அந்தப் புள்ளிகளைத் தங்கள் தவறு என்று நினைத்து அழிக்கப் பார்ப்பார்கள். அழிக்க விடாதீர்கள், வரைபடத்திலேயே இருக்கட்டும்.